வேலியோர விதைகளும் தாம்பரத்துப் பூஞ்சைகளும்

மண்ணில் விழுந்த விதை நீரை உறிஞ்சி ஊதி, மேலுறை வெடித்து, முளை வெளியே தலைகாட்டும் வரையிலான நேரமே ஒரு செடியின் வாழ்நாளில் மிகவும் ஆபத்தான நேரம் எனலாம். மாவும் எண்ணெயும் புரதமும் நிறைந்த களஞ்சியத்தின் கதவு அப்போது திறந்து கிடக்கிறது. உள்ளிருந்து கசியும் சர்க்கரையை நோக்கி, ஈரமண்ணில் காத்திருக்கும் பியூசேரியம், ரைசக்டோனியா போன்ற பூஞ்சைகள் இழை நீட்டுகின்றன. விதையால் இடம்பெயர்ந்து தப்ப முடியாது. விலங்கின் உடம்பில் கிருமியைத் தேடிச் சென்று விழுங்கும் வெள்ளணுக்கள் போன்ற படையும் அதற்குக் கிடையாது. அப்படியிருந்தும் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர் ஏரிக்கரைகளில் யாரும் விதைக்காத, யாரும் காக்காத விதைகள் கூட்டம் கூட்டமாக முளைத்துவிடுகின்றன.

உழவர்கள் இந்த ஆபத்தை நன்கு அறிந்தவர்கள். விதைப்பதற்கு முன் ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து நிழலில் உலர்த்துவதை விதைநேர்த்தி என்பார்கள். நாற்றழுகல், வேரழுகல் நோய்களுக்கு எதிரான முதற்காவல் அது. ஆனால் எந்த மனிதக் கையும் தொடுவதற்கு முன்பே விதை தனக்குத்தானே ஒரு நேர்த்தி செய்துகொண்டுதான் தாய்ச்செடியை விட்டு நீங்குகிறது என்பதும், அந்த நேர்த்தியின் சரக்கு பெப்டைடுகள் எனப்படும் மிகச் சிறிய புரதத் துணுக்குகள் என்பதும் கடந்த முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகளில்தான் தெளிவாகத் தெரியவந்தன.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் எனும் மணிகளைக் கோத்த நீண்ட மாலை. அந்த மணிகளின் எண்ணிக்கை சில பத்துகளுக்குள் அடங்கிவிடும் குட்டி மாலைகளைப் பெப்டைடுகள் என்பது வழக்கம். கோதுமை மாவிலிருந்து இத்தகைய ஒரு பொருளை அமெரிக்க ஆய்வாளர்கள் 1942 இலேயே பிரித்தெடுத்து, அதற்குப் பியூரோதயோனின் என்று பெயரிட்டிருந்தனர். 1990 இல் கோதுமை, வாற்கோதுமை மணிகளிலிருந்து மற்றொரு வகை கிடைத்தது. ஆனால் இவை விதைக்குள் என்ன வேலை செய்கின்றன என்ற கேள்விக்குச் சரியான விடை, பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் வில்லெம் புரூக்கார்ட் குழுவினர் முள்ளங்கி விதையைக் கையில் எடுத்தபோதுதான் கிடைத்தது.

பிராங்கி டெராஸ் முதலானோர் 1992 இல் முள்ளங்கி விதையிலிருந்து இரண்டு பெப்டைடுகளைப் பிரித்தெடுத்தனர். ஆய்வுலகம் அவற்றை ஆர்எஸ்-ஏஎஃப்பி1, ஆர்எஸ்-ஏஎஃப்பி2 என்று குறிக்கிறது. இருவகையும் தலைக்கு 51 அமினோ அமிலங்கள் கொண்டவை. மூன்றாண்டுகள் கழித்து அதே குழு செய்து காட்டிய சோதனை, பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும் அளவுக்கு எளிமையானது. பூஞ்சை பரவி வளரும் அகர் கூழின்மேல் முழு விதையை வைத்தபோது ஒன்றும் நிகழவில்லை. விதையுறையைக் கீறிவிட்டு வைத்தபோது, விதையைச் சுற்றிப் பூஞ்சை நெருங்காத ஒரு வெற்று வட்டம் உண்டாயிற்று. முளைக்கும் முள்ளங்கி விதையிலிருந்து வெளியேறும் புரதத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் இந்தப் பெப்டைடுகளே என்றும், உறை கிழியும் தறுவாயில் அவை சுற்றியுள்ள ஈரத்தில் பரவி முளைக்கு அரண் அமைக்கின்றன என்றும் அவர்கள் நிறுவினர். பூச்சிகளின் உடம்பிலும் பாலூட்டிகளின் உடம்பிலும் கிருமிகளை எதிர்க்கும் டிஃபென்சின் எனும் பெப்டைடுகளோடு இவை அமைப்பில் ஒத்திருந்ததால், 1995 முதல் இவற்றுக்கும் தாவர டிஃபென்சின்கள் என்ற பெயர் நிலைத்தது. ஈயின் உடம்பும் மனிதக் குடலும் முள்ளங்கி விதையும் ஒரே வகைப் படைக்கலத்தை வைத்திருக்கின்றன என்பது அந்தப் பெயரில் அடங்கிய செய்தி.

சென்னைக்கும் இந்தப் போரின் மறுபக்கத்தோடு பழைய தொடர்பு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் டி.எஸ். சதாசிவன் வழிகாட்டலில் 1950களில் பருத்தி வாடல் நோய் விரிவாக ஆராயப்பட்டது; நோய்க்குக் காரணமான பியூசேரியம் பூஞ்சை, பியூசாரிக் அமிலம் எனும் நஞ்சைச் செடியின் உடம்புக்குள்ளேயே உண்டாக்குகிறதா என்ற கேள்வியை உலக அளவில் முன்வைத்த கூடங்களுள் அதுவும் ஒன்று. பூஞ்சை செடியைக் கொல்லும் விதம் அப்போது மையப் பொருளாக இருந்தது; செடி பூஞ்சையைத் திருப்பித் தாக்கும் விதம் ஒரு தலைமுறை கழித்து வேறு கண்டத்தில் மையப் பொருளாயிற்று.

தென்சென்னைப் புறநகரின் தெருக்களை அறிந்தவர்களுக்கு இந்த ஆய்வுகளின் செடிப்பட்டியல் ஒரு வியப்பைத் தரும். குரோம்பேட்டையிலும் கிழக்குத் தாம்பரத்திலும் சுற்றுச்சுவரில் நீலமாகப் படர்ந்து, பூஜைத் தட்டுக்கும் இப்போது நீலத் தேநீருக்கும் பறிக்கப்படும் சங்குப்பூக் கொடியின் விதையிலிருந்து 1995 இல் ஒரு டிஃபென்சின் பிரித்தெடுக்கப்பட்டது. மாலையில் மலரும் அந்திமந்தாரையின் கறுத்த, மிளகை நினைவூட்டும் விதையிலிருந்து லூவன் குழுவின் புரூனோ காமு முதலானோர் 1992 இல் 37, 36 அமினோ அமிலங்கள் கொண்ட இரண்டு பெப்டைடுகளை எடுத்து, 13 வகைப் பயிர்நோய்ப் பூஞ்சைகளின் மேல் சோதித்தனர். பதின்மூன்றும் பணிந்தன. இரண்டாவது பெப்டைடின் ஆற்றல் குறிப்பிடத்தக்கது: பூஞ்சையின் வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்க, பூஞ்சைக்குத் தக்கபடி மில்லிலிட்டருக்கு 0.5 முதல் 20 மைக்ரோகிராம் வரை போதுமானதாக இருந்தது. வளர்ப்புத் தட்டில் இருந்த மனிதச் செல்களுக்கு அது தீங்கு செய்யவில்லை. தண்டுக்கீரைக்கு நெருங்கிய உறவான ஒரு கீரையினத்தின் விதையிலிருந்து அதே ஆண்டு கிடைத்தவை 29, 30 அமினோ அமிலங்களே கொண்டவை.

எல்லாவற்றிலும் சிறியது காசித்தும்பையுடையது. தொட்டவுடன் வெடித்து விதை தெறிக்கும் காயை வைத்துப் பிள்ளைகள் விளையாடும் அந்தச் செடியின் விதையில், வெறும் 20 அமினோ அமிலங்கள் கொண்ட நான்கு பெப்டைடுகள் இருப்பதைப் பிரிட்டனின் ஜெனெக்கா நிறுவனத்தாரும் லூவன் ஆய்வாளர்களும் சேர்ந்து 1997 இல் அறிவித்தனர். செடி இவற்றைத் தனித்தனியாகச் செய்வதில்லை. ஒரே நீண்ட புரதமாக நெய்து, பிறகு அதைத் துண்டு துண்டாக நறுக்கி எடுத்துக்கொள்கிறது. சிக்கனத்தில் செடிக்கு நிகர் செடியே. 1937 இல் நகரிலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் புதர்க்காட்டுக்குள் இன்னும் எத்தனை வகை விதைகள், எத்தனை வகைப் பெப்டைடுகளுடன் கிடக்கின்றனவோ.

பூஞ்சை எப்படிச் சாகிறது?

இந்தப் பெப்டைடுகள் செயல்படும் முறை ஒன்றல்ல என்றாலும், அவற்றுக்கிடையே இரண்டு பொதுத்தன்மைகள் உண்டு. முதலாவது உறுதி. டிஃபென்சின் மாலையில் சிஸ்டைன் எனும் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் எட்டு. அவை இரண்டிரண்டாகக் கைகோத்து நான்கு கந்தகப் பாலங்களை அமைப்பதால், மாலை அவிழாத முடிச்சாக இறுகிவிடுகிறது. சாதாரணப் புரதம் குலைந்துபோகும் சூட்டிலும் அமிலத்திலும் இவை பெரும்பாலும் உருக்குலையாமல் நிற்பதற்கு அந்த முடிச்சே காரணம். இரண்டாவது, இவற்றுள் பெரும்பாலானவை நேர்மின்னேற்றம் கொண்டவை. பூஞ்சைச் செல்லின் மேற்பரப்போ எதிர்மின்னேற்றம் கொண்டது. எனவே தொடக்க ஈர்ப்புக்குத் தனி ஏற்பாடு எதுவும் தேவையில்லை.

அதற்கு மேல் வழிகள் பிரிகின்றன. கீரை விதையின் பெப்டைடு, பூஞ்சைச் சுவரின் கட்டுமானப் பொருளும் இறால் ஓட்டின் மூலப்பொருளுமான கைட்டினைப் பற்றிக்கொள்கிறது. மனித உடம்பு கைட்டினைக் கொண்டு எதையும் கட்டுவதில்லை என்பதால் அந்தக் குறி பாதுகாப்பானது. டாலியா விதையின் பெப்டைடு, பூஞ்சைச் சவ்வுக்கே உரிய ஒருவகைக் கொழுப்பைத் தேடிப் பிடிக்கிறது. பட்டாணி விதையின் டிஃபென்சினோ சவ்வோடு நிற்காமல் செல்லுக்குள் புகுந்து உட்கருவரை சென்று, செல் பிளவைக் கட்டுப்படுத்தும் புரதத்தைச் சந்திப்பதாகப் பிரேசில் ஆய்வாளர்கள் 2007 இல் காட்டினர்.

முள்ளங்கியின் ஆர்எஸ்-ஏஎஃப்பி2 தேர்ந்தெடுத்த குறிதான் இவற்றுள் நுட்பமானது. அது குளுக்கோசில்செராமைடு எனும் சவ்வுக் கொழுப்போடு பிணைகிறது. இந்தக் கொழுப்பு மனிதச் செல்லிலும் உண்டு, சோயாவிலும் உண்டு. ஆனால் பூஞ்சையுடையதில் ஒரு சிறு கிளை, வேதியியலார் மெத்தில் தொகுதி என்பது, கூடுதலாக ஒட்டியிருக்கிறது. 2004 இல் வெளியான லூவன் ஆய்வில், முள்ளங்கிப் பெப்டைடு பூஞ்சையின் கொழுப்போடு மட்டும் பிணைந்து, மனிதனுடையதையும் சோயாவினுடையதையும் சட்டை செய்யாமல் விட்டது. அந்தக் கொழுப்பே இல்லாத ரொட்டி ஈஸ்டை அது ஒன்றும் செய்வதில்லை. அந்தக் கொழுப்பு உள்ள கேண்டிடா அல்பிகன்ஸ் பூஞ்சையிலோ, சவ்வோடு பிணைந்த பிறகு செல்லுக்குள் தீங்கு விளைக்கும் ஆக்சிஜன் வடிவங்கள் பெருகி, செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் பாதையில் இறங்குகிறது. பெப்டைடு வெறுமனே ஓட்டை போட்டு உள்ளிருப்பதைக் கொட்டிவிடுகிறது என்ற பழைய விளக்கம் இதனால் போதாதென்று ஆயிற்று.

அப்படியானால் பூஞ்சை அந்தக் கொழுப்பைச் செய்வதை நிறுத்திவிட்டுத் தப்பித்துக்கொள்ளாதா என்ற ஐயம் எழுவது இயல்பே. தப்பித்துக்கொள்கிறது, ஆய்வுக்கூடத்தில் அத்தகைய திரிபுகள் பெப்டைடுக்கு அசைந்துகொடுப்பதில்லை. ஆனால் அதற்கு அது கொடுக்கும் விலை பெரிது. மூளை உறையைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸ் நியோபார்மன்ஸ் எனும் பூஞ்சையில் இந்தக் கொழுப்பைச் செய்யும் மரபணுவை நீக்கிப் பார்த்த 2006 ஆம் ஆண்டின் ஓர் ஆய்வு, கொழுப்பை இழந்த பூஞ்சையால் நுரையீரல் காற்றறைச் சூழலில் பெருக முடியவில்லை என்று காட்டியது. பெப்டைடுக்குத் தப்பும் பூஞ்சை நோய் உண்டாக்கும் வலிமையை இழக்கிறது என்றால், மருந்துக்கு எதிர்ப்பு வளர்வதைப் பற்றிக் கவலைப்படும் மருத்துவத்துக்கு அதைவிட நல்ல குறி எளிதில் கிடைக்காது.

சானடோரியத்தின் படுக்கைகள்

கிரிப்டோகாக்கஸ் என்ற பெயர் தாம்பரத்துக்குப் புதிதல்ல. மருத்துவர் டேவிட் சௌரிமுத்து 1928 இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய ஆரோக்கிய நிலையமே ரயில் நிலையத்துக்கும் ஊர்ப்பகுதிக்கும் சானடோரியம் என்ற பெயரைத் தந்தது. அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக வளர்ந்த அது, 1990களில் எச்.ஐ.வி. தொற்றாளர்கள் வேறு வாசல்களில் திருப்பி அனுப்பப்பட்ட காலத்தில் அவர்களைச் சேர்த்துக்கொண்டு, நாட்டின் மிகப் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களுள் ஒன்றானது. எதிர்ப்பாற்றல் சரிந்த உடம்பில் முந்தி நுழைபவற்றுள் பூஞ்சைகளும் உண்டு: வாயிலும் உணவுக்குழலிலும் வெண்படலமாகக் கேண்டிடா, நுரையீரலில் நியூமோசிஸ்டிஸ், மூளை உறையில் கிரிப்டோகாக்கஸ். 2004 ஏப்ரலில் இந்திய அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கிய முதல் மருத்துவமனைகளுள் தாம்பரமும் ஒன்று. அதன்பின் இந்தச் சந்தர்ப்பவாத நோய்களின் வேகம் தணிந்தது. காசநோய்க்கும் பூஞ்சைக்கும் வேறொரு கணக்கும் உண்டு. காசம் ஆறிய பின் நுரையீரலில் எஞ்சும் குழிகளில் ஆஸ்பர்ஜில்லஸ் குடியேறி உருண்டையாகத் திரள்வதும், அதனால் இருமலில் இரத்தம் வருவதும், அதைக் காசநோய் திரும்பிவிட்டதாக எண்ணி அஞ்சுவதும் நெஞ்சக மருத்துவர்கள் நன்கு அறிந்தவை.

உலக சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில் முதன்முறையாக வெளியிட்ட பூஞ்சை நோய்க்கிருமிகளின் முன்னுரிமைப் பட்டியலில் 19 பூஞ்சைகள் உள்ளன. அவற்றுள் மிகக் கடுமையானவையாக முதல் வரிசையில் நிற்கும் நான்கு, கிரிப்டோகாக்கஸ் நியோபார்மன்ஸ், கேண்டிடா ஆரிஸ், ஆஸ்பர்ஜில்லஸ் ஃபூமிகேட்டஸ், கேண்டிடா அல்பிகன்ஸ். இவற்றுக்கு எதிராக மருத்துவரின் கையில் இருக்கும் மருந்துக் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். காரணம் உயிரியல் உறவு: பாக்டீரியாவை விடப் பூஞ்சை மனிதனுக்கு மிக நெருங்கிய உறவினன், அதைக் கொல்லும் பெரும்பாலான நஞ்சு மனிதச் செல்லையும் கொல்லும். பழைய மருந்தான ஆம்போடெரிசின் உயிரைக் காப்பாற்றும் அதே வேளையில் சிறுநீரகத்தைப் பதம் பார்ப்பது அந்த உறவின் விளைவே.

மருத்துவமனைக்குள் போகாத பூஞ்சைகளும் உண்டு. புறநகரில் அவற்றின் ஆட்சிதான் பெரிது. 2015 டிசம்பரில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாம்பரம் மிதந்த பிறகு, முடிச்சூர், வரதராஜபுரம் வீட்டுச் சுவர்களில் கறுத்துப் படர்ந்ததும் பூஞ்சை; மின்சார ரயில் நெரிசலில் வியர்வை காயாமல் நாள் முழுதும் இறுகிய உடையோடு திரியும் உடம்பில் வட்டம் வட்டமாகப் படர்வதும் பூஞ்சைதான். படர்தாமரை ஒரு காலத்தில் சில வாரக் களிம்பில் ஆறும் தொல்லையாக இருந்தது. இப்போது தோல் மருத்துவர்கள் சந்திக்கும் டிரைகோபைட்டான் இண்டோடினியே எனும் பூஞ்சை, பல நேரங்களில் டெர்பினஃபின் மருந்துக்கு அசைவதில்லை. 2020 இல் அதற்குச் சூட்டப்பட்ட அந்தப் பெயரிலேயே இந்தியா இருக்கிறது. ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் பாக்டீரியா மருந்தும் கலந்த களிம்புகளை மருந்துக்கடையில் கேட்டவுடன் வாங்கித் தடவிக்கொள்ளும் பழக்கம் இந்த நிலைக்கு எருவிட்டது என்பதில் தோல் மருத்துவர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. நமைச்சல் அடங்கும், பூஞ்சை அடங்காது.

இங்கே ஒரு குழப்பத்தை விலக்கிவிடுவது நல்லது. அதே சானடோரியத்தில் 2005 முதல் இயங்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மரபில், படர்தாமரைக்குத் தகரை விதையும் சீமை அகத்தி இலையும் நெடுங்காலமாக அறியப்பட்டவை. வண்டுகொல்லி என்ற பெயரே சீமை அகத்தியின் குணத்தைச் சொல்லும். தகரை விதையின் பூஞ்சைக்கொல்லிப் பொருளை இந்திய ஆய்வாளர்கள் 1975 இல் பிரித்துக் காட்டினர். அது கிரைசோபானிக் அமிலத்தைச் சேர்ந்த சிறு மூலக்கூறு, பெப்டைடு அல்ல. விதை என்பது ஒரே கிடங்கில் பலவகைச் சரக்கை அடுக்கி வைத்திருக்கும் கடை. எண்ணெயில் கரைந்து வரும் சரக்கு வேறு, நீரில் கரைந்து வரும் சரக்கு வேறு. எனவே ஒரு விதையின் சாறு தட்டில் பூஞ்சையைத் தடுத்தது என்ற செய்தியைக் கண்டதும், தடுத்தது எது என்று கேட்காமல் எந்த முடிவுக்கும் வருவது பொருந்தாது. அதைவிட, விதையை அரைத்துக் குடித்தால் உள்ளுறுப்புப் பூஞ்சை நோய் தீரும் என்று நம்புவது ஆபத்து: பெப்டைடும் புரதமே, அதில் பெரும்பகுதியைக் குடல் செரித்துவிடும்.

உப்பு என்ற தடை

இத்தனை ஆற்றல் இருந்தும் விதைப் பெப்டைடு ஒன்றுகூட ஏன் இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை என்ற கேள்விக்கு முதல் விடை உப்பு. தட்டில் நேர்மின்னேற்றத்தால் பூஞ்சையை நோக்கி ஈர்க்கப்படும் பெப்டைடுக்கு, கால்சியம், பொட்டாசியம் போன்ற அயனிகள் கூடியதும் அந்த ஈர்ப்பு மங்கிவிடுகிறது. அந்திமந்தாரைப் பெப்டைடுகளின் ஆற்றல் உப்பு சேர்த்தவுடன் தளர்ந்ததை 1992 ஆம் ஆண்டின் ஆய்வே குறித்திருக்கிறது. முள்ளங்கியின் இரட்டையருள் இரண்டாமவர் உப்பை ஓரளவு தாங்குபவர், முதலாமவர் தாங்காதவர்; இருவருக்கும் இடையே வேறுபடும் அமினோ அமிலங்கள் மிகச் சில என்பதுதான் ஆய்வாளர்களுக்கு நம்பிக்கை தரும் செய்தி. இரத்தமோ உப்புக் கரைசல். நல்ல தண்ணீரில் நீந்தும் கெண்டையைக் கோவளத்துக் கடலில் விட்டது போலத்தான் பல பெப்டைடுகளின் நிலை அங்கே.

இரண்டாவது தடை ஒவ்வாமை. விதைச் சேமிப்புப் புரதங்களான 2எஸ் அல்புமின்களும், கொழுப்பைச் சுமக்கும் சிறு புரதங்களும் பூஞ்சையை எதிர்ப்பவை மட்டுமல்ல. நிலக்கடலை, கடுகு, எள் ஒவ்வாமைக்குப் பேர்போன காரணிகளும் அவற்றுள்ளேயே இருக்கின்றன. மூன்றாவது, விலை. ஆகவே நகம், தோல், கண் என வெளிப்புறப் பூச்சுக்கு வாய்ப்புள்ள இடங்களிலேயே முயற்சிகள் குவிகின்றன. ஆஸ்திரேலியாவின் ஹெக்சிமா நிறுவனம் ஒரு தாவர டிஃபென்சினை நகப்பூஞ்சைக்கு மேற்பூச்சாக மனிதரிடம் சோதிக்கும் கட்டம் வரை கொண்டுசென்று, எதிர்பார்த்த பலன் காணாமல் 2022 இல் அந்தச் சோதனையைக் கைவிட்டது. கண்ணும் காத்திருக்கிறது: வயல்வெளியில் உமியோ இலைநுனியோ பட்டுக் கருவிழியில் பியூசேரியம் தொற்றும் தமிழ்நாட்டில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பங்கேற்று 2013 இல் முடிவு வெளியான பெரிய ஒப்பீட்டுச் சோதனையில், புதிய வோரிகோனசோலைவிடப் பழைய நாட்டாமைசின் சொட்டு மருந்தே மேம்பட்டு நின்றது. புதியது எப்போதும் வெல்வதில்லை.

வயலில் கதை வேறு. அங்கே பெப்டைடைப் புட்டியில் அடைக்க வேண்டியதில்லை. அதைச் செய்யும் மரபணுவைப் பயிருக்குள் வைத்தால் போதும். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் பி.பி. கீர்த்தியின் குழு வெந்தயத்தின் டிஃபென்சின் மரபணுக்களைப் படியெடுத்ததுடன், கடுகின் டிஃபென்சினை நிலக்கடலையில் புகுத்தி, இலைப்புள்ளி நோய்க்கு அது காட்டிய எதிர்ப்பை 2008 இல் வெளியிட்டது. வதோதராவில் பரத் சட்டூவின் குழு டாலியாப் பெப்டைடை நெல்லில் வெளிப்படுத்தியபோது குலைநோய்ப் பூஞ்சையின் வளர்ச்சி 84 சதவீதமும் இலையுறைக் கருகல் பூஞ்சையின் வளர்ச்சி 72 சதவீதமும் தடைபட்டன; முள்ளங்கிப் பெப்டைடுக்கு அந்த எண்கள் 77, 45. மரபணு மாற்றப் பயிர்கள் பற்றிய வாதம் நாட்டில் ஓயாததால், இந்த நெல்லும் கடலையும் உழவர் கைக்கு வரவில்லை.

இறுதியாக முருங்கை. கலங்கிய நீரில் முருங்கை விதையைப் பொடித்துப் போட்டால் சேறு திரண்டு அடியில் படியும் என்பது பழகிய செய்தி. அந்த வேலையைச் செய்வது விதையின் நேர்மின்னேற்றப் புரதங்கள். அதே வகைப் புரதங்களுள் ஒன்று பூஞ்சைச் சுவரின் கைட்டினைப் பற்றி, பியூசேரியம் சோலானியின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று 2012 இல் கண்டறிந்தவர்கள், முருங்கை வந்தேறிய மரமாக வளரும் பிரேசிலின் ஃபோர்டலேசா நகரில் உள்ள சியாரா பல்கலைக்கழகத்தார். முழுப் புரதம் பெரியது, ஒவ்வாமை ஐயமும் உண்டு என்பதால், அதன் அமைப்பைப் பார்த்துச் சில அமினோ அமிலங்களே கொண்ட சிறு பெப்டைடுகளை அவர்கள் செயற்கையாகத் தைத்தார்கள். ஆமணக்கு விதையின் புரதத்திலிருந்தும் அவ்வாறே. கேண்டிடாவுக்கு எதிராகவும் அண்மையில் கிரிப்டோகாக்கஸுக்கு எதிராகவும் ஆய்வுக்கூடத் தட்டில் அவை வேலை செய்துள்ளன. தட்டிலிருந்து படுக்கைக்கு உள்ள தூரம் இன்னும் நடக்கப்படவில்லை.

பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். முருங்கை வகைகளின் காய்கள் தாம்பரம் சந்தைக்கு வரும்போது, வாங்குபவர் காயை முறுக்கிப் பார்த்து, விதை திரண்டு முற்றியதை ஒதுக்கிவிட்டுப் பிஞ்சைப் பொறுக்குகிறார். ஒதுக்கப்பட்டவை மாலையில் காய்கறிக் கழிவோடு சேர்ந்து வண்டி ஏறுகின்றன.